காற்றுப் படாத நத்தை: கோங்ஸ்ஃபியோர்டு நாட்குறிப்பு

நாள் 1: லாங்யர்பியன்

ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் மேற்குக் கரையில் மலைகளுக்கும் பனியாறுகளுக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்நுழையும் கடல்தான் கோங்ஸ்ஃபியோர்டு. இந்தப் பயணம் அங்கே வாழும் ஒரே ஓர் உயிருக்காக. அதன் பெயர் லிமசினா ஹெலிசினா. இனத்தில் நத்தை, ஆனால் பாறையில் ஊர்வதில்லை. அதன் பாதம் இரண்டு இறக்கைகளாகப் பிரிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து சாகும்வரை நடுநீரிலேயே பறக்கிறது. கடல் பட்டாம்பூச்சி என்ற பெயர் அதனால் வந்தது. நார்வேக்காரர்கள் இறக்கை நத்தை என்ற பொருளில் 'விங்கெஸ்னைல்' என்கிறார்கள். நன்கு வளர்ந்த நத்தையின் ஓடு ஒரு செ.மீ. அளவுக்கு வரும். அந்த ஓட்டின் தடிமன் நம் தலைமுடியை விடக் குறைவு.

விசா பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. ஆஸ்லோ வழியாக உள்ளே போய் அதே வழியில் திரும்புகிறவருக்கு இருமுறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை விசாவோடு வந்தால் திரும்பும்போது சிக்கல்.

அடுத்தது பொதி. லாங்யர்பியனிலிருந்து ஃபியோர்டின் கரையிலுள்ள நீ-ஓலசுண்ட் என்ற ஊருக்குப் போவது சிறிய விமானம். அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம், ஆனால் பொதி எடையில் கறார். மாதிரிகளைக் கெடாமல் வைக்க உதவும் எத்தனால், ஃபார்மலின், மெர்குரிக் குளோரைடு மூன்றையும் பயணிப் பெட்டியில் கொண்டுபோக முடியாது. சரக்குக் கப்பலில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும், அல்லது அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் சொல்லி வைக்க வேண்டும். கையோடு கொண்டுபோக வேண்டியவை எளிய பொருள்கள்: நீளக் கைப்பிடி கொண்ட இரண்டு ரசக் கரண்டிகள், 20 லிட்டர் வாளிக்குப் பொருத்தமான மூடி, வாய் அகன்ற கண்ணாடிக் குழாய்கள், மென்மையான பென்சில்கள். எத்தனாலில் பேனா மை கரைந்துவிடும். கடலில் எடுத்த மாதிரியைப் பெயரில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் ஓடுதான்.

நாள் 2: நீ-ஓலசுண்ட்

வடக்கு 78 பாகை 55 கலை. இங்கிருந்து துருவத்துக்கு ஏறத்தாழ 1,230 கி.மீ. முன்பு நிலக்கரி ஊர். 1962 நவம்பரில் சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள்; அடுத்த ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. இன்று முழுக்க ஆராய்ச்சி ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலையிலிருந்து இங்கே இயங்குகிறது.

கைபேசி, மடிக்கணினி எல்லாவற்றிலும் வைஃபையும் புளூடூத்தும் அணைக்கப்பட வேண்டும். வானொலி அலை அமைதியை 20 கி.மீ. சுற்றளவுக்குக் காக்கிறார்கள். புளூடூத்தில் தரவு அனுப்பும் வெப்பமானிகளும் pH கருவிகளும் இங்கே உதவாது. கம்பியில் இணைகிறவையாகக் கொண்டுவர வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் துருவக் கரடிக்காகத் துப்பாக்கியும் அதில் பயிற்சி பெற்றவரும் கூட வர வேண்டும்.

காற்று அடங்கிய மாலையில் துறைமேடைக்குப் போனால் படகே இல்லாமல் நத்தையைப் பார்க்கலாம். ஆகஸ்டு மாதம், சூரியன் இன்னும் மறையத் தொடங்கவில்லை. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, மேடை நிழலுக்குள் மிளகளவு கரும்புள்ளிகள் துடித்துத் துடித்து ஏறுவது தெரியும். உடல் கருநாவல் நிறம். ஓடு கண்ணுக்கே தெரியாது. இறக்கையை நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை அடிக்கிறது. அடிப்பதை நிறுத்தினால் ஓட்டின் கனம் கீழே இழுத்துவிடும். ஆகவே ஏறுவதும் சற்று இறங்குவதுமாகத்தான் அதன் நடை. ஆபத்து என்று உணர்ந்தால் இறக்கையைச் சுருட்டிக் கல் மாதிரி விழும்.

கரண்டியை நத்தைக்கு மேலிருந்து இறக்கக் கூடாது. ஒரு முழம் தள்ளி மெல்ல அமிழ்த்தி, நத்தைக்குக் கீழே கொண்டுபோய், நீரோடு சேர்த்து மேலே எடுக்க வேண்டும். கரண்டி விளிம்பு நீருக்கு மேல் வந்ததும் அதிலுள்ள நீர் ததும்பாமல் வாளி நீருக்குள் கரண்டியையே அமிழ்த்த வேண்டும். ஊற்றக் கூடாது. காரணம் நாளை.

நாள் 3: கேபி-3, வலை

இன்று கடல் அமைதி. ஊருக்கு நேர் எதிரே ஃபியோர்டின் நடுவில் உள்ள கேபி-3 என்ற நிலையத்தில் படகு நின்றது. பனியாற்று முகத்துக்கு அருகே போனால் நீர் செம்மண் கரைத்ததுபோல் இருக்கும். அந்த மண் வலைக் கண்ணையும் நத்தை இரை பிடிக்க விரிக்கும் சளியையும் சேர்த்து அடைத்துவிடும். அதனால்தான் நடுப்பகுதி.

நடுநீர்ச் சிற்றுயிர்களைப் பிடிக்கும் டபிள்யூபி-2 வலையின் வாய் விட்டம் 57 செ.மீ., பரப்பு கால் சதுர மீட்டர், கண் 200 மைக்ரான். 50 மீட்டர் ஆழத்திலிருந்து நேராக இழுத்தால் 12.5 கன மீட்டர் நீர் வலை வழியாகப் போகிறது. பிடிபட்ட எண்ணிக்கையை 12.5ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை என்று வரும். வலைக்கண் அடைபட்டிருந்தால் இந்தக் கணக்குப் பொய். அதனால் வலை வாயில் நீரோட்டமானி கட்டுவது நல்லது.

எண்ணுவதற்கான இழுப்பும் உயிரோடு பிடிப்பதற்கான இழுப்பும் வேறு வேறு. எண்ணுவதற்கு வழக்கமான வேகம், நொடிக்கு அரை மீட்டர். 50 மீட்டருக்கு 100 நொடி. இழுத்தபின் வலையை வெளிப்பக்கமிருந்து நீரடித்துக் கழுவி, ஒட்டியதை எல்லாம் வலையின் நுனியில் கட்டிய அடிக்குப்பியில் சேர்க்க வேண்டும். உயிரோடு வேண்டுமானால் வேகத்தைப் பாதியாக்கி, 200 நொடி எடுத்துக்கொள்ள வேண்டும். அடிக்குப்பியில் சல்லடை ஜன்னல் இருக்கக் கூடாது. சுற்றிலும் மூடியதாகவும் ஓரிரு லிட்டராவது கொள்வதாகவும் இருக்க வேண்டும். ஜன்னல் வைத்த குப்பியில் நீர் வெளியேறும்போது நத்தைகள் சல்லடையில் அழுந்தி ஓட்டின் உதடு உடைகிறது. அந்த உதடுதான் ஓட்டின் புதிதாக வளரும் விளிம்பு. இந்த வலையை நீரடித்துக் கழுவவே கூடாது. மேலே ஒட்டியவை போகட்டும்.

குப்பி நீரின் மேற்பரப்புக்கு வந்ததும் அதைத் தொங்கவிடாமல், படகோரத்திலேயே வாளிக்குள் வாங்க வேண்டும். வாளியில் அதே ஆழத்தில் எடுத்து வடிகட்டிய குளிர்நீர் பாதிக்கு மேல் இருக்கட்டும். குப்பியை அந்த நீருக்குள் முழுக அமிழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்துத் திறந்தால் நத்தைகள் தாமாக வெளியேறும்.

இவ்வளவு கவனம் காற்றுக்காகத்தான். நத்தை ஒரு நொடி காற்றில் வெளிப்பட்டாலும் இறக்கைக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு குமிழி மாட்டிக்கொள்கிறது. நடுநீரில் மிதப்பதற்குத் துல்லியமாகச் சமன்பட்ட உடலுக்கு அந்தக் குமிழி போதும். மேற்பரப்பிலேயே மிதந்து, இறக்கை காய்ந்து, சில மணி நேரத்தில் போய்விடும். குழாயால் நீர்த்தாரை அடித்துக் குமிழியை வெளியேற்ற முயலலாம், பெரும்பாலும் பலிக்காது. பலரும் 'நத்தை மிகவும் மென்மையானது, ஆய்வுக்கூடத்தில் வாழாது' என்று எழுதியதற்குப் பின்னால் இந்தக் குமிழிக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து.

பத்து நிமிடம் வாளியை மூடி, நிழலில் வைத்தால் பிரிவினை தானாக நடக்கும். நலமாக உள்ளவை மேலேறி இறக்கை அடிக்கும். அடியில் கிடப்பவற்றில் உடைந்ததும் உண்டு, பயந்து சுருண்டதும் உண்டு. இன்னொரு பத்து நிமிடம் பொறுத்து, பறப்பவற்றை மட்டும் கண்ணாடிக் குழாயில் எடுத்துக்கொள்ள வேண்டும். குழாயின் வாய் நத்தையைப்போல் குறைந்தது இரு மடங்கு அகலமாக, விளிம்பு தீயில் மழுக்கியதாக இருக்கட்டும். இடுக்கியை நத்தையின் அருகேயே கொண்டுபோகக் கூடாது. வலையில் சீப்பு ஜெல்லி நிறைய வந்திருந்தால் அதை உடனே அகற்ற வேண்டும். அதன் கூழில் நத்தையின் இறக்கை சிக்கிக்கொள்ளும்.

குஞ்சு நத்தைகள் வேண்டுமானால் 200 மைக்ரான் கண் போதாது. 60 மைக்ரான் அளவு வேண்டும். இந்த ஃபியோர்டில் இதன் ஆயுள் சுமார் ஓராண்டு. கோடை முடிவில் முட்டையிடுகிறது. குளிர்கால இருட்டைக் குஞ்சுகள் தாண்டுகின்றன. வசந்தத்தில் பாசிப்பெருக்கோடு வளர்கின்றன. முதலில் ஆணாக இருந்து, 5 மி.மீ. அளவைத் தாண்டும்போது பெண்ணாகிறது. ஆகவே பிடித்தவற்றின் நீளத்தை அளக்காமல் ஆண், பெண் விகிதம் பேச முடியாது.

நாள் 4, 5: காற்று

இரண்டு நாளாகப் படகு கிளம்பவில்லை. நுண்ணோக்கி வேலை.

முதல் வேலை இனம் காண்பது. நத்தை ஓட்டின் கூர்முனையான கோபுரத்தை மேலே வைத்து, வாயை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். லிமசினாவுக்கு இடப்பக்கம். உயிரியலாளர் இதை 'இடச்சுற்று' என்பார். ஆனால் நம் சங்குக் கணக்கு வேறு. மன்னார் வளைகுடாச் சங்கை நாம் கோபுரம் கீழேயும் வால் மேலேயுமாகப் பிடித்துப் பார்க்கிறோம். அப்படிப் பிடித்தால் இடம் வலமாகிறது. லட்சத்தில் ஒன்று என்று போற்றப்படும் வலம்புரிச் சங்கு, உயிரியலாளரின் கணக்கில் இடச்சுற்றுதான். அந்த முறையில் பிடித்துப் பார்த்தால் லிமசினா ஒவ்வொன்றும் வலம்புரி. ஒரு கரண்டி நீரில் பத்து வலம்புரி! இது வெறும் வியப்புக்காகச் சொன்னதல்ல: வலையில் வரும் கடலடி நத்தைகளின் குஞ்சுகள் பெரும்பாலும் எதிர்ச் சுற்று, ஆகவே அரை மி.மீ. அளவிலேயே சுற்றுத் திசையைப் பார்த்து லிமசினாவைப் பிரித்துவிடலாம். ஒரு குழப்பம் மீதி இருக்கிறது. அட்லாண்டிக் நீரோடு வரும் லிமசினா ரெட்ரோவெர்சாவுக்கும் இதே சுற்றுதான். அதற்குக் கோபுரம் உயர்ந்திருக்கும். ஹெலிசினாவுக்கு அமுங்கி, உயரத்தை விட அகலம் கூடி, ஓட்டில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும்.

இந்த நத்தைக்கு அறிவியல் பெயர் கிடைத்ததும் இதே ஸ்வால்பார்ட் கடலில்தான். 1773இல் கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ் ரேஸ்ஹார்ஸ், கார்க்கஸ் என்ற இரண்டு கப்பல்களோடு துருவம் நோக்கி வந்து பனியில் சிக்கித் திரும்பினார். பின்னாளில் பெரும் கடற்படைத் தளபதியான நெல்சன் அப்போது கார்க்கஸில் ஒரு பையன். 1774இல் வெளியான பயண நூலில் துருவக் கரடிக்கும் இந்த நத்தைக்கும் ஃபிப்ஸ் பெயர் வைத்தார். நத்தைக்கு 'கிளியோ ஹெலிசினா'. அதைத் தின்னும் ஓடில்லாத நத்தைக்கு 'கிளியோ லிமசினா'. பின்னால் பேரினங்கள் மாறியபோது முதலாவது லிமசினா ஹெலிசினா ஆயிற்று, இரண்டாவது கிளையோனி லிமசினா ஆயிற்று. இரையின் பேரினப் பெயரே வேட்டையாடியின் சிற்றினப் பெயர். லேபிளில் 'லிமசினா' என்று மட்டும் எழுதினால் எது எதுவென்று பத்து வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. முழுப் பெயர் எழுதுங்கள்.

நாள் 6: ஆய்வுக்கூடம்

கடலோரத்திலேயே 2005 முதல் கடல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஃபியோர்டு நீர் குழாயில் வருகிறது. பிடித்த நத்தைகள் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில், மங்கிய வெளிச்சத்தில், லிட்டருக்குச் சில நத்தைகள் என்ற அளவில் இருக்க வேண்டும். நெருக்கினால் ஒன்றன் சளியில் மற்றொன்று ஒட்டி, கொத்தாக அடியில் விழும். மூலை உள்ள தொட்டி வேண்டாம், வட்டக் குடுவை. காற்றுக் குமிழிவிடும் கல் போடவே கூடாது. தினமும் பாதி நீரை மாற்றும்போது உறிஞ்சு குழாயின் முனையில் வலைத்துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

உணவுதான் தீராத தொல்லை. கடலில் இது தன் உடலை விடப் பெரிய சளிவலையை விரித்து, அதன் கீழே இறக்கை அசைக்காமல் தொங்குகிறது. பாசியும் சிற்றுயிரும் வலையில் ஒட்ட, வலையோடு சேர்த்து விழுங்குகிறது. யாராவது நெருங்கினால் வலையை அறுத்துவிட்டு ஓடும். சிறிய குடுவையில் வலை சுவரில் ஒட்டிவிடுவதால் பெரும்பாலும் விரிப்பதே இல்லை. பட்டினியில் நாள் போகப் போக ஓடு வளர்ச்சி குறைகிறது. ஆகவே நீண்ட காலச் சோதனையில் ஓடு வளரவில்லை என்றால் அது நீரின் குற்றமா, பசியின் குற்றமா என்று சொல்ல முடியாது. எங்கள் பரிந்துரை: ஓடு பற்றிய சோதனையைச் சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

வளர்ச்சியை அளக்கக் கால்சீன் சாயம். லிட்டருக்கு 50 மில்லிகிராம், இரண்டு மணி நேரம். சாயம் போட்டதும் நீரின் pH இறங்கும். அதைச் சரிசெய்த பிறகே நத்தையை விட வேண்டும். மறப்பவர்கள் நிறைய. சாயத்தில் இருக்கும்போது ஓட்டின் வளரும் விளிம்பில் ஒரு கோடு பதியும். சில நாள் கழித்து நீல ஒளியில் பார்த்தால் அந்தக் கோடு பச்சையாக ஒளிரும். அதற்கு அப்பால் உள்ளது புது ஓடு. இந்த ஃபியோர்டின் நத்தைகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், இந்நூற்றாண்டு முடிவில் எதிர்பார்க்கப்படும் அமிலத்தன்மையில் (pH 7.78) சுண்ணம் சேரும் வேகம் 28 சதவீதம் குறைந்தது. ஓடு அரகோனைட் வகைச் சுண்ணாம்பால் ஆனது. இன்னொரு சுண்ணாம்பு வகையான கால்சைட்டை விட எளிதில் கரைவது. குளிர்ந்த நீர் கார்பன் டைஆக்சைடைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். பனியாறு உருகிய நன்னீர் சேரும்போது நீரின் காரத்தன்மை இன்னும் மெலியும். மூன்றும் கூடுகிற இடம் இது.

நாள் 7: கடல் தேவதை

காலை இழுப்பில் கிளையோனி இருந்தது. இரண்டு, மூன்று செ.மீ., கண்ணாடி உடல், ஆரஞ்சு வயிறு. கடல் தேவதை என்று அழகுப் பெயர் வைத்திருக்கிறார்கள். இது லிமசினாவைத் தவிர வேறெதையும் தின்பதில்லை. லிமசினா உடலில் பட்டதும் தலை பிளந்து ஆறு கூம்புகள் வெளியே பாய்ந்து ஓட்டைப் பற்றுகின்றன. பிறகு ஓட்டைத் திருப்பித் திருப்பி, வாய் தன் வாய்க்கு நேரே வந்ததும் கொக்கிகளால் உடலை முழுதாக இழுத்தெடுக்கிறது. இரண்டு நிமிடத்திலும் முடியும். முக்கால் மணி நேரமும் ஆகும். வெற்று ஓடு உடையாமல் விழும். இரை கிடைக்காத காலத்தைத் தாண்டும் திறமையும் அசாத்தியம்: ஆய்வுக்கூடத்தில் 356 நாள் உணவின்றி, உடலைச் சுருக்கிச் சுருக்கி உயிரோடு இருந்திருக்கிறது.

இரண்டையும் ஒரே வாளியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தால், அடியில் கிடக்கும் வெற்று ஓடுகளைக் 'கடலில் இறந்தவை' என்று எண்ணிவிடுவோம். படகிலேயே பிரித்துவிட வேண்டும்.

நாள் 8: நீரும் புட்டியும்

நத்தை மட்டும் போதாது. அது வாழ்ந்த நீரும் வேண்டும். கடல்நீர் எடுத்த குடுவையிலிருந்து ரப்பர்க் குழாயைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை விட்டு, குமிழி எழாமல் நிரப்பி, குறைந்தது ஒரு புட்டி அளவு வழிய விட வேண்டும். 500 மி.லி. புட்டியில் 5 மி.லி. வெளியே எடுத்து, செறிந்த மெர்குரிக் குளோரைடு கரைசல் 100 மைக்ரோலிட்டர் சேர்த்து, கிரீஸ் தடவிய மூடியால் அடைக்க வேண்டும். நஞ்சு சேர்க்காவிட்டால் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே கார்பன் அளவை மாற்றிவிடும். பாதரசம் என்பதால் கையுறை கட்டாயம். கழிவு ஒரு சொட்டும் தொட்டியில் போகக் கூடாது.

தொடர்ந்து அளப்பதற்கு இதே ஃபியோர்டில் 2014 ஜூலையில் 192 மீட்டர் ஆழத்தில் இண்டார்க் என்ற நங்கூரமிட்ட கருவித் தொகுதி இறக்கப்பட்டது. அதை வடிவமைத்தது பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம். வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றைக் குளிர்கால இருட்டிலும் விடாமல் பதிகிறது. கோடையில் மட்டும் வந்து போகிறவர்களுக்குக் குஞ்சுகள் தாண்டிவந்த பருவம் தெரியவே வராது.

இனிப் பாதுகாப்பு. பெரும்பாலான மாதிரிகள் பாழாவது இங்கேதான். ஃபார்மலின் நாளாக ஆக ஃபார்மிக் அமிலமாகும். அது ஓட்டைத் தின்னும். போராக்ஸ் சேர்த்து pH 8.2 அருகே வைத்து, 24 மணி நேரம் கழித்தும் பிறகு அவ்வப்போதும் சரிபார்க்காமல் ஃபார்மலினில் போட வேண்டாம். எத்தனால் மேல்: 95 சதவீதம், மாதிரியைப்போல் குறைந்தது நான்கு மடங்கு, மறுநாள் முழுதும் மாற்ற வேண்டும், ஏனென்றால் உடலிலிருந்து வெளியேறும் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். ஓட்டை மட்டும் உலர்த்தி வைப்பதானால், காரம் ஏற்றிய நன்னீரில் விரைவாக அலசிய பின் காயவைக்க வேண்டும். வெறும் தூயநீரில் ஊறவிட்டால் அதுவே கரைக்கும். அலசாமல் விட்டால் உப்புப் படிகங்கள் ஓட்டில் படிந்து, நுண்ணோக்கியில் புண் மாதிரி தெரியும்.

உயிருள்ள ஓடு கண்ணாடி மாதிரி. கரையக் கரையப் பால் நிறம் பூக்கிறது. கரைந்த அளவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் மதிப்பெண் போடுவதற்கு முன் எந்தப் பக்கம் வெளுத்தது என்று பாருங்கள். நத்தை வாளியில் செத்துச் சில மணி நேரம் கிடந்தால், உடல் அழுகி உள்ளேயே அமிலம் உண்டாகி, ஓடு உட்புறமிருந்து கரையத் தொடங்கும். அது நம் தாமதம். கடல்நீர் கரைப்பது வெளியிலிருந்து, அதுவும் ஓட்டைப் போர்த்திய மெல்லிய தோல் கீறிய இடங்களிலிருந்து. கீறலின் கீழே உள்ளிருந்து புதுச் சுண்ணம் பூசி நத்தையே ஒட்டுப்போட்டிருப்பதையும் பார்க்கலாம்; 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. தோல் எவ்வளவு தூரம் காக்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. வழக்கு நடக்கும்போது கெட்ட சாட்சியம் கொடுக்கக் கூடாது. புட்டியில் கரைந்த ஓட்டைக் கடலின் கணக்கில் எழுதினால், உண்மையிலேயே கரைந்த ஓட்டையும் நாளை யாரும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு புட்டியிலும் பிடித்த நேரம், செத்த நேரம் அல்லது கொன்ற நேரம், எத்தனாலில் போட்ட நேரம் மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள்.

நாள் 9: துறைமேடை

பெட்டிகள் கட்டியாயிற்று. மீதமுள்ள நத்தைகளில் சாயம் பட்டவையும் வேதிப்பொருள் பட்டவையும் கடலுக்குத் திரும்பக் கூடாது. படாதவற்றை விடலாம். வாளியை மேலிருந்து கவிழ்க்காமல், கயிறு கட்டி மேடை ஏணியோரம் இறக்கி, வாய் முழுக நீருக்குள் அமிழ்த்திய பிறகு சாய்க்க வேண்டும். எல்லாம் ஒன்றாகச் சுருண்டு விழும். ஒரு ஆள் ஆழம் போனதும் ஒவ்வொன்றாக இறக்கை விரியும்.